எல்லைத் தகராறில் திருப்பி அடித்தால் சட்டம் காப்பாற்றுமா?

மார்த்தாண்டத்தை அடுத்து ஒரு ரப்பர் விளை, வீட்டில் நீங்களும் அம்மாவும் மட்டும். பக்கத்து விளைக்காரரோடு அதிர், அதாவது எல்லைத் தகராறு. போன வாரம் அவர் வேலியைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார், தடுக்கப் போன அம்மாவைத் தள்ளிவிட்டிருக்கிறார், "இனி வாயைத் திறந்தா வெட்டிப்போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த தடவை ஆள் கூட்டி வந்தால் திருப்பி அடிக்கலாமா, அடித்தால் என்மேல் கேஸ் வருமா, இரவில் புகுந்தவனைக் கொன்றாலும் குற்றமில்லை என்கிறார்களே அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அடிக்க உரிமை உண்டா என்பது ஒன்று. அடித்த பிறகு போலீசும் கோர்ட்டும் நம்மைச் சும்மா விட்டுவிடுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு, ஓர் எல்லைக்குள், உண்டு என்பது பதில். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. இந்த இரண்டும் வேறு என்று தெரியாமல் போவதால்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ளவையே எண் மாறி வந்திருக்கின்றன. சொல்லில் சிறு மாற்றங்கள் உண்டு, அடிப்படை அதேதான். ஆகவே பழைய தீர்ப்புகள் இன்றும் செல்லும். 35-ஆம் பிரிவின்படி உங்கள் உடம்பைக் காக்கவும், வேறு யாருடைய உடம்பைக் காக்கவும் உரிமை உண்டு. அம்மாவை அடிக்க வருபவனைத் தடுக்கும்போது நீங்கள் அடிபட்டிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சொத்தைப் பொறுத்தவரை திருட்டு, கொள்ளை, சேதம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல் ஆகிய நான்கையும் அவற்றுக்கான முயற்சியையும் தடுக்கலாம். வேலியைப் பிடுங்குவது மூன்றாவதில் வரும், விளைக்குள் இறங்குவது நான்காவதில் வரும்.

உரிமை எப்போது பிறக்கிறது, எப்போது சாகிறது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 40-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஆபத்து வரப்போகிறது என்று நியாயமாக அஞ்சும் நொடியில் உரிமை தொடங்குகிறது, அந்த அச்சம் இருக்கும்வரை நீடிக்கிறது. முதல் வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெட்டுக்கத்தியை ஓங்கிக்கொண்டு பத்தடியில் ஒருவர் வந்தால் அதுவே போதும். ஆனால் "வெட்டிப்போடுவேன்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெறுங்கையோடு கத்துவது போதாது. அது தனிக் குற்றம், புகார் கொடுக்கலாம், கை வைக்க முடியாது. அதேபோல, கத்தி கீழே விழுந்துவிட்டது, ஆள் திரும்பி ஓடுகிறார் என்றால் அச்சமும் அங்கேயே முடிந்தது. துரத்திப்போய் அடிக்கும் அடுத்த அடி தற்காப்பு அல்ல, புதிய குற்றம். முதல் இரண்டு அடிக்கு முழு நியாயம் இருந்தும், மூன்றாவது அடியால் தண்டனை வாங்கியவர்கள் உண்டு. எதிராளியின் பின்மண்டையிலோ முதுகிலோ காயம் இருந்தால், ஓடும்போது அடித்ததாகத்தான் அரசுத் தரப்பு வாதிடும்.

அளவு அடுத்தது. தடுக்கத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 37-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. இதைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது போல கோர்ட் பார்ப்பதில்லை. 2010-ல் உச்ச நீதிமன்றம் தர்ஷன் சிங் வழக்கில், தாக்கப்படும் ஒருவர் ஒவ்வோர் அடிக்கும் கணக்குப் போட்டுத் திருப்பி அடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது யதார்த்தம் அல்ல என்று சொன்னது. அதுவும் நிலத் தகராறுதான். அப்பாவை ஆயுதத்தால் வெட்டியபோது மகன் துப்பாக்கியால் சுட்டார், உயர் நீதிமன்றம் தண்டித்தது, உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 1973-ல் தேவ் நாராயண் வழக்கில், "தலையில் ஒரு கம்படிதானே விழுந்தது, அதற்கு ஈட்டியா?" என்ற கணக்கை ஏற்கவில்லை. தலையில் விழும் ஒரே கம்படியும் உயிரை எடுக்கும் என்றது. இந்தத் தீர்ப்புகளை நம்பலாம். ஆனால் அவை உங்களுக்கு எவ்வளவு உதவும் என்பது, உங்கள் விஷயத்தில் காயம் எங்கே, எத்தனை, ஆயுதம் என்ன, எதிரே எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. அதை முன்கூட்டி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

உயிர் போகும் அளவுக்குத் தடுக்கலாம் என்பது உடம்பைப் பொறுத்தவரை 38-ஆம் பிரிவில் உள்ள ஏழு நிலைகளில் மட்டும்: சாவு வரும் என்ற அச்சம், கொடுங்காயம் வரும் என்ற அச்சம், பாலியல் வன்புணர்வு, இயற்கைக்கு மாறான இச்சையோடு தாக்குதல், கடத்தல், அதிகாரிகளை நாட வழியில்லாதபடி அடைத்து வைத்தல், ஆசிட் வீச்சு. கொடுங்காயம் என்றால் என்ன என்பதை 116-ஆம் பிரிவு எட்டு வகையாகச் சொல்கிறது. எலும்போ பல்லோ முறிவது, கண் பார்வை போவது, முகத்தில் நிலையான வடு, பதினைந்து நாள் வேலை செய்ய முடியாமல் போவது போன்றவை அதில் வரும். பழைய சட்டத்தில் இது இருபது நாளாக இருந்தது. ஆசிட் பற்றிய வரி 2013-ல் சேர்ந்தது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் நம் பக்கத்து விளைகளில் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். தகராறின் நடுவே ஒருவர் அந்தக் கேனைத் திறந்து ஓங்கினால் அது சாதாரணக் கைகலப்பு அல்ல, கத்தியை ஓங்கியதற்குச் சமம். அதே காரணத்தால் நீங்கள் தற்காப்புக்கு என்று அதைக் கையில் எடுக்கவே கூடாது. காயத்தின் கடுமை உங்கள் வாதத்தை விழுங்கிவிடும்.

இனி இரவில் புகுந்தவனைப் பற்றிய பேச்சு. அதில் பாதிதான் உண்மை. சொத்தைக் காக்க உயிரிழப்பு வரை போகலாம் என்பதற்கு 41-ஆம் பிரிவு நான்கு நிலைகளைத் தருகிறது: கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்துப் புகுதல், குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீயோ வெடியோ வைத்தல், திருட்டோ சேதமோ வீட்டுக்குள் அத்துமீறலோ சாவையோ கொடுங்காயத்தையோ கொண்டுவரும் என்ற அச்சம் தரும் சூழல். இங்கே வீடு உடைத்தல் என்றால் கட்டடத்துக்குள் புகுவது. பூட்டை உடைப்பது, ஓட்டைப் பிரிப்பது, ஜன்னல் வழி நுழைவது போன்றவை. திறந்து கிடந்த கதவு வழியாக உள்ளே வந்தவர் வீட்டுக்குள் அத்துமீறியவர்தான், வீடு உடைத்தவர் அல்ல. விளையும் முற்றமும் மதிலும் இதில் வரவே வராது. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் விளையில் தேங்காய் பறிப்பவரோ, ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரிப்பவரோ, மட்டி வாழைக்குலை வெட்டுபவரோ திருடர்தான். அவரைத் தடுக்கலாம், பிடிக்கலாம், கொல்லும் உரிமை கிடையாது. ரப்பர் ஷீட் உலர்த்தும் பூட்டிய புகைப்புரையை இரவில் உடைத்து ஷீட்டை எடுப்பது வேறு, அது பொருள் வைத்திருக்கும் கட்டடம். அங்கேயும்கூடத் தேவைக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு தொடர்கிறது. "யாரடா?" என்று கேட்டதும் ஓடுகிறவரை வெட்டுவதற்கு எந்தப் பிரிவும் இடம் தராது.

பிடித்தவரைத் தென்னையில் கட்டிவைத்து அடிப்பது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. பிடிபட்ட நொடியில் உரிமை முடிந்தது. கண்முன்னே பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விடமுடியாத குற்றம் நடந்தால் பொதுமக்களே பிடிக்கலாம். ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. 112-க்கு அழைத்துவிட்டு, அடிக்காமல் உட்கார வைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. திருடனுக்கோ காட்டுப்பன்றிக்கோ என்று வேலியில் நேரடியாக வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பதும் தற்காப்பில் சேராது. அந்தக் கம்பிக்கு ஆள் தெரியாது, அச்சம் தெரியாது, அளவும் தெரியாது. பால்வெட்டப் போகும் தொழிலாளி மாட்டிக்கொண்டு செத்தால் அது உங்கள்மேல் உயிரிழப்பு வழக்கு. சூரியசக்தி மின்வேலி போடுவதற்கே தமிழ்நாட்டில் 2023 முதல் பதிவு விதிகள் உண்டு.

உங்கள் விஷயத்தின் முடிச்சு 37-ஆம் பிரிவில் இருக்கிறது. அதிகாரிகளை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை என்கிறது அது. "நாளைக்கு ஆள் கூட்டி வருவேன்" என்று சொன்னார், நீங்களும் நாலு பேரைத் திரட்டி வைத்துக் காத்திருந்தீர்கள் என்றால், அந்த ஒரு நாள்தான் போலீசுக்குப் போகக் கிடைத்த நேரம் என்று கேட்பார்கள். இரு தரப்பும் தயாராக வந்து மோதினால், யார் முதலில் அடித்தார் என்பதற்கே மதிப்பில்லாமல் போகலாம், இருவருக்கும் உரிமை இல்லை என்றாகிவிடும். "வாடா பார்க்கலாம்" என்று கூப்பிட்டவருக்கும் இதே கதிதான். மறுபுறம், நேற்றே புகார் கொடுத்து ரசீதும் வாங்கி வைத்திருக்கிறீர்கள், இன்று திடீரென்று வந்து தாக்குகிறார் என்றால் நிலைமை முழுக்க உங்கள் பக்கம் திரும்பும். தாக்கும்போது ஓடித்தான் தப்ப வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆனால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்த முடிந்தும், உள்ளே போய் ஆயுதம் எடுத்து வெளியே வந்தீர்கள் என்றால், நல்ல வக்கீலாலும் அதை எளிதில் விளக்க முடியாது. விளையில் வேலை செய்யும்போது கையில் இருந்த வெட்டுக்கத்தியும், வீட்டுக்குள்ளிருந்து தேடி எடுத்து வந்த வெட்டுக்கத்தியும் கோர்ட்டில் ஒன்றல்ல.

சொத்தில் இன்னொரு நுணுக்கம், யார் அனுபவத்தில் இருக்கிறார் என்பது. பட்டா யார் பெயரில் என்பதைவிட, சம்பவ நாளில் அந்தத் துண்டு நிலம் யார் கையில் இருந்தது என்பதைத்தான் கிரிமினல் கோர்ட் முதலில் பார்க்கும். அவர் வேலியைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது தடுக்கலாம். பிடுங்கி, தன் வேலி போட்டு, மரவள்ளி நட்டு, மாதக்கணக்கில் நீங்கள் சும்மா இருந்த பிறகு பலத்தால் வெளியேற்றப் போனால் நீங்கள்தான் அத்துமீறியவர் ஆவீர்கள். 1975-ல் பூரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைத்த அனுபவத்துக்கும் அவ்வப்போது வந்து போகும் அத்துமீறலுக்கும் வித்தியாசம் சொல்லியிருக்கிறது. எத்தனை நாளில் அனுபவம் நிலைக்கிறது என்பதற்குக் கெடு கிடையாது, சூழலைப் பார்த்துத்தான் முடிவாகும். இது உண்மையிலேயே சந்தேகமான இடம், ஆகவே நாள் கடத்தாமல் இருப்பதே பாதுகாப்பு.

எல்லை மீறிவிட்டால் என்ன? ஆள் இறந்து, நல்லெண்ணத்தோடு தற்காத்தபோது அளவு கடந்துவிட்டது என்று கோர்ட் கருதினால், 101-ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கின்படி அது கொலை ஆகாது, 105-ஆம் பிரிவின் கீழ் வரும். அதற்கும் ஆயுள் அல்லது ஐந்து முதல் பத்து ஆண்டு, அல்லது கொல்லும் நோக்கம் இல்லாமல், சாவு நேரக்கூடும் என்ற அறிவு மட்டும் இருந்தால் பத்து ஆண்டு வரை. கொலைத் தண்டனையிலிருந்து தப்பியது பெரிய விஷயம்தான், வாழ்க்கை போனது போனதுதான். ஆள் சாகாமல் காயத்தோடு நின்றால் 115(2), 118(1) போன்ற பிரிவுகள் வரும். கொடுங்காயமும் ஆயுதமும் சேர்ந்தால் 118(2), அதில் ஆயுள் வரை இடம் உண்டு.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. தற்காப்பு என்பது வழக்கு வராமல் தடுக்கும் கதவு அல்ல. எதிராளிக்குக் காயம் என்றால் அவர் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுப்பார், அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், உங்கள்மேல் எஃப்.ஐ.ஆர். பதிவாகும். நீங்களும் கொடுத்தால் கேஸும் கவுண்டர் கேஸும் ஆகும். ஒரே சம்பவத்தில் எழுந்த இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் முதலில் வலியச் சென்று தாக்கியவர் என்று கண்டறிய வேண்டும் என்பது தமிழ்நாடு போலீஸ் நிலையாணை, வக்கீல்கள் 588-ஏ என்று சொல்வது இதைத்தான். நடைமுறையில் இரண்டிலும் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டு, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதும் நடக்கிறது. அப்படி நடந்தால் நிலையாணையை எடுத்துக்காட்டி வாதிட இடம் உண்டு. கோர்ட்டில் தற்காப்பை நிரூபிக்கும் சுமை பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி உங்கள்மேல். ஆனால் அரசுத் தரப்பு போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டாம். இப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்ற அளவுக்குக் காட்டினால் போதும், அதையும் அரசுத் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே காட்டலாம்.

அதனால்தான் சம்பவத்துக்குப் பிந்தைய சில மணி நேரம் அவ்வளவு முக்கியம். சிறு காயமானாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது எத்தனை பேர், எந்த ஆயுதம், எத்தனை மணி, எந்த இடம் என்று சொல்லுங்கள். பிரச்சினை வேண்டாம் என்று நினைத்து "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்வது, பின்னால் உங்கள் தற்காப்பை அடியோடு கெடுக்கும் வார்த்தை. தடுத்த கையில், முன்கையில், விரலில் இருக்கும் காயங்களைக் காட்டிப் பதியச் சொல்லுங்கள், அவைதான் நீங்கள் தற்காத்தவர் என்பதற்குப் பேசும் சாட்சி. ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டிச் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் பெரிய காயத்தை அரசுத் தரப்பு விளக்காவிட்டால் அவர்கள் கதையே சந்தேகத்துக்கு உரியது என்று 1976-ல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கீறலுக்கு இது உதவாது, பெரிய காயத்துக்கு உதவும். சிசிடிவி இருந்தால் பதிவு தானாக அழிவதற்குள் பதிவுப் பெட்டியான டிவிஆரையே பத்திரப்படுத்துங்கள், நகலெடுத்தால் அதே சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும்.

உங்கள் புகாரில் "நானும் அடித்தேன்" என்று எழுதலாமா என்பதில் வக்கீல்களிடையே இரு கருத்து உண்டு. சம்பவத்தை ஒப்புக்கொண்டது போலாகும் என்று சிலர் தடுப்பார்கள். என் கருத்தில், எதிராளிக்குக் கண்ணுக்குத் தெரியும் காயம் இருக்கும்போது, நான் தொடவே இல்லை என்று எழுதிவிட்டுப் பிறகு தற்காப்பு என்று சொல்வது நம்பும்படி இருக்காது. சட்டம் அதைத் தடுக்கவில்லை, நீதிபதியின் மனம்தான் தடுக்கும். எந்த வாக்கியம் எப்படி என்பதைக் கையெழுத்துப் போடும் முன் உங்கள் வக்கீலிடம் காட்டிவிடுங்கள், அது உங்கள் உரிமை.

அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரம் செய்ய வேண்டியவை இருக்கின்றன. வேலியைப் பிடுங்கியதும், அம்மாவைத் தள்ளியதும், கொலை மிரட்டலும் சேர்த்து, தேதி நேரத்தோடு எழுதி ஸ்டேஷனில் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பினால், அதிர் மட்டும்தான் சிவில், தள்ளியதும் மிரட்டியதும் சிவில் அல்ல என்று பணிவாகச் சொல்லுங்கள். அப்படியும் வாங்கவில்லையென்றால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் நாகர்கோவிலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். விளவங்கோடு தாலுகா அலுவலகத்தில் நில அளவைக்கு விண்ணப்பம் போடுங்கள், கூடவே குழித்துறை கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டு வழக்குப் போட வக்கீலைப் பாருங்கள். அனுபவத்துக்குச் சான்றாகக் கரண்ட் பில், தீர்வை ரசீது, வேலியின் பழைய போட்டோ, ரப்பர் ஷீட் விற்ற சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அளக்க வரும் சர்வேயரையோ உடன் வரும் போலீசையோ, அளவு தப்பு என்று தோன்றினாலும், கை வைத்துத் தடுக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு பதவிக் கடமை செய்யும் அரசு ஊழியருக்கு எதிராக, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் இல்லாதவரை, தற்காப்பு உரிமை கிடையாது. ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். பட்டா அம்மா பெயரில் இருந்தால் வழக்கையும் அவர் பெயரிலேயே போடலாம். பெண்களுக்கு வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி உண்டு, நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.